பல் பதிந்த டாலர்

"கடிப்பாங்களா? தங்கத்தையா?" என்றார் போலீஸ்காரர்.

"ஆமா சார். மனசுல ஏதாவது கவலைன்னா எங்கம்மா டாலரை வாயில வெச்சுக் கடிச்சுக்கிட்டே இருப்பாங்க," என்றாள் சின்னவள்.

அடகுக்கடைக்காரர் போலீஸ்காரரை ஓரக்கண்ணால் பார்த்தார். "நகையை முழுங்கற மாதிரி பார்க்கிறவங்களைத்தான் இத்தனை வருஷமா பார்த்திருக்கேன். கடிக்கிறவங்க இருக்காங்கன்னு இன்னைக்குத்தான் தெரியுது."

சின்னவள் சிரிக்கவில்லை. கண்ணாடி மேசையின் மேல் இலை வடிவ டாலரோடு சங்கிலி சுருண்டு கிடந்தது. பார்த்த மாத்திரத்தில் அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் தனக்குத் தெரிந்ததை எடுத்து யார் கையில் கொடுப்பது? வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்தவன் அந்த வட்டாரத்தில் பல வீடுகளில் கைவைத்திருந்தான். பிடிபட்டபோது, இங்கே அடகு வைத்ததில் எதை எந்த வீட்டில் எடுத்தான் என்று அவனுக்கே நினைவில்லை. இதே இலை, இதே நீளம், இது தன்னுடையதுதான் என்று ஒரு டீச்சரம்மாவும் கேட்டிருந்தாள்.

"அவங்க ரசீதோட வந்திருக்காங்க," என்றார் போலீஸ்காரர். "நீங்க கொண்டுவந்த போட்டோவுல எல்லாம் உங்கம்மா வாயை இறுக்க மூடி, டாலரைக் கையால பொத்திக்கிட்டு நிக்கிறாங்க. இதை வெச்சு நான் என்ன பண்றது?"

"பல் தெரியக்கூடாதுன்னு வாயைத் திறக்க மாட்டாங்க சார். முன்பல் ஒண்ணு பாதி உடைஞ்சது. பக்கத்துப் பல் அதுமேல சாய்ஞ்சிருக்கும்."

கடைக்காரர் பூதக்கண்ணாடியைக் கண்ணில் பொருத்திக்கொண்டு டாலரைத் திருப்பினார். அவர் முகத்திலிருந்த கேலி மெல்ல வடிந்தது.

"சார், இருக்கு. நுனியில ரெண்டு பள்ளம். ஒண்ணு நேரா, ஒண்ணு சாய்வா. சும்மா கீழ விழுந்து நசுங்கினா இப்படி ஆகாது."

"டீச்சரம்மா வீட்டுலயும் ஒருத்தர் கடிச்சிருக்கலாம். உங்கம்மாவையே கூட்டிட்டு வாங்க. கடிச்சுக் காட்டட்டும், கதை முடிஞ்சுது."

"விடியக்காலைல இறந்துட்டாங்க சார்."

கடைக்காரர் கையை நீட்டி ரேடியோவை அணைத்தார். போலீஸ்காரர் தொண்டையைச் செருமினார்.

"எடுத்தாச்சா?"

"சாயங்காலம்தான்."

"அம்மாவை வீட்டுல போட்டுட்டு இங்க எதுக்கும்மா வந்தீங்க?"

அம்மா குளிக்கும்போது கழற்றி வைத்த சங்கிலி காணாமல் போன அன்று குளியலறை ஜன்னலுக்கு வெளியே வெள்ளையடிக்கச் சாரம் கட்டியிருந்தது யார் நினைவிலும் தங்கவில்லை. வீட்டில் சின்னவள் இருந்தது மட்டும் எல்லோர் நினைவிலும் தங்கிவிட்டது. "அன்னைக்கு உன்னை விட்டா வீட்டுல யாரு இருந்தா?" என்று அண்ணன் கேட்டது ஒரே ஒரு முறைதான். அம்மா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அதன்பிறகு அம்மாவின் கை கழுத்துக்குப் போகும், வெறுமையைத் தடவும், திரும்பி வந்து போர்வை நுனியை வாய்க்குக் கொண்டுபோகும். இன்று ஊரிலிருந்த சொந்தமெல்லாம் கூடியிருந்தது. அம்மாவை எடுத்ததும் அவரவர் அந்தக் கேள்வியையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். இதையெல்லாம் எப்படிச் சொல்வது?

"இன்னைக்கு விட்டா முடியாது சார்," என்றாள்.

போலீஸ்காரர் சங்கிலியைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டார். "வாங்க. வீட்டுக்கே போய்ப் பார்த்துடலாம். ஆனா ஒண்ணு, பல் பொருந்தலைன்னா டீச்சரம்மாகிட்ட கொடுத்துடுவேன். அப்புறம் என்னைத் திட்டக்கூடாது."

வீட்டு வாசலில் செருப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. அண்ணன் அவற்றைத் தாண்டிக்கொண்டு வந்தான்.

"எங்க போய்த் தொலைஞ்ச? அம்மா கிடக்கும்போது உனக்குக் கடைத்தெரு கேக்குதா?"

பின்னால் வந்த சீருடையைப் பார்த்ததும் அவன் குரல் உள்ளே போய்விட்டது. "ஐயோ, போலீஸை எதுக்குடி கூட்டிட்டு வந்த?" என்று சித்தி பெண்களின் நடுவிலிருந்து எழுந்தாள்.

போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் விஷயத்தைச் சொன்னார். வெள்ளையடித்தவன், அடகுக்கடை, இரண்டு பள்ளங்கள். சொல்லச் சொல்ல அறையில் விசும்பல்கூட நின்றது. அண்ணன் உறையை வாங்கினான். உள்ளே கையை விட்டு, பெருவிரலால் இலையின் நுனியைத் தடவினான்.

அம்மா நடுவே கிடந்தாள். வாய் திறந்துகொள்ளாமலிருக்க, தாடையிலிருந்து உச்சந்தலைவரை ஒரு வெள்ளைத் துணி கட்டியிருந்தது. காலையில் அண்ணன் கட்டியது. பார்சல் ஆபீஸில் மூட்டை கட்டிப் பழகிய கை. முடிச்சு காது ஓரத்தில் சின்னதாக, இறுக்கமாக உட்கார்ந்திருந்தது.

சின்னவள் தலைமாட்டில் மண்டியிட்டாள். அவள் கை முடிச்சு வரை போயிற்று. அத்தனை கண்களும் அந்தக் கையின் மேல் இருந்தன. பல் பொருந்தினாலும், இவள்தான் பொருத்தினாள் என்பார்கள்.

கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அண்ணா, நான் தொடமாட்டேன். நீயே அவுத்து, டாலரைப் பல்லுல வெச்சுப் பாரேன்."