வந்துட்டிருக்கார்

வலது கை சட்டைக்குள் போக மறுத்தது. மகள் அப்பாவின் தோளைத் தூக்கிப் பிடித்துக்கொள்ள, அவள் சட்டையின் கைப்பகுதியை உள்ளுக்குள் சுருட்டி, தன் கையை அதற்குள் விட்டு, கணவரின் விரல்களைப் பிடித்து மெதுவாக வெளியே இழுத்தாள். காலை ஏழு மணிக்கு மூச்சு நின்றது. இப்போது மணி ஒன்பதரை. அதற்குள் முழங்கை விறைக்கத் தொடங்கியிருந்தது.

பக்கத்து வீட்டுக்காரர்கள் உதவிக்கு வந்தபோது, "வேண்டாம், நானே பாத்துக்கறேன்" என்று அறைக்கதவைச் சாத்தியிருந்தாள். மகளைக்கூட வேறு வழியில்லாமல்தான் உள்ளே விட்டாள். முப்பத்தெட்டு வருடம் ஒரு மருந்தகத்தில் மாத்திரை எண்ணி, மருந்து அளந்து கொடுத்தவள். கையில் எடுத்த வேலையைப் பாதியில் இன்னொருவரிடம் விட்டுப் பழக்கமில்லை.

கடைசிப் பொத்தானைப் போடும்போது தெருவில் ஒரு லாரி வந்து நின்றது. ஏர் பிரேக் சீறியது. யாரோ, "இங்க நிறுத்தாதீங்க, ஆம்புலன்ஸ் வர்ற வழி" என்றார்கள். "ஆம்புலன்ஸ் வந்தா எடுத்துடறேன்" என்று ஒரு குரல் பதில் சொன்னது.

குரலைக் கேட்டதும் மகள் நிமிர்ந்தாள். காலையில் அவள்தான் போன் செய்து சொல்லியிருந்தாள். "அம்மா, டிரைவர் மாமா" என்று கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். அவ்வளவு வேகமாகப் போயிருக்க வேண்டியதில்லை என்று இவளுக்குப் பட்டது.

நேரில் 'நீங்க' என்றுதான் அந்த ஓட்டுநரை அழைப்பாள். மனதுக்குள் எப்போதும் 'அவன்'தான். கணவர் நிலவியல் துறையில் இருந்த இருபத்தாறு வருடமும் அவருடைய ஜீப்பை ஓட்டியவன். மழை என்றால் என்னவென்று மறந்துபோன ஒரு வறண்ட மேட்டுநிலத்தில், எங்கே ஜிப்சம் கிடக்கிறது, எங்கே பாஸ்பேட் உருண்டைகள் இருக்கின்றன என்று வரைபடம் போடுவது கணவரின் வேலை. வருடத்தில் எட்டு மாதம் அங்கே கூடாரத்தில், அவனோடு. மீதி நான்கு மாதம் இங்கே, இவளோடு. அந்த நான்கு மாதத்திலும் பாதியைக் கொண்டுவந்த கற்களைக் கழுவுவதிலும், அட்டைப்பெட்டியில் எண் போட்டு அடுக்குவதிலும் கழித்துவிடுவார். தண்ணீர் இல்லாமல் நாள் முழுக்கத் தாக்குப்பிடிப்பான் என்பதால் அவனுக்கு அவர் வைத்த பெயர் ஒட்டகம்.

அவன் உள்ளே வந்தான். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். ஓய்வு பெற்றபின் சொந்தமாக ஒரு லாரி வாங்கி ஜிப்சம் ஏற்றி ஓட்டிக்கொண்டிருந்தான். தலைமுடி, புருவம், காது மடல் எல்லாவற்றிலும் வெள்ளைத் தூள். கட்டிலருகே வந்து நின்று வெகுநேரம் பார்த்தான். அழவில்லை.

"இந்தச் சட்டை வேணாம்மா" என்றான். "காலர் அவருக்கு ஆகாது. கழுத்து சிவந்துடும்."

இனி எதுவும் சிவக்காது என்று சொல்ல அவளுக்கு நாக்கு வரை வந்தது. அது போன வருடம் அவள் எடுத்துக் கொடுத்த சட்டை. கழுத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இரண்டு தடவை போட்டார், பிறகு அலமாரியில் தொங்கியது. காரணம் இன்றைக்குத்தான் தெரிந்தது.

மகள் வேறொரு சட்டை எடுத்துவரப் போனாள். "இருக்கட்டும்" என்றாள் இவள். சட்டை மாறவில்லை.

பதினொரு மணிக்கெல்லாம் கூடம் நிறைந்துவிட்டது. அவன் கட்டிலின் கால்மாட்டில் தரையில் உட்கார்ந்திருந்தான். அவனைச் சுற்றித்தான் எல்லோரும் இருந்தார்கள். துறையிலிருந்து வந்திருந்த இளம் பெண் அதிகாரி ஒருத்தி கேட்க, அவன் சொல்லிக்கொண்டிருந்தான். உப்புப் படுகையில் மேலோடு உடைந்து ஜீப் அச்சு வரை இறங்கிய கதை. இரண்டு நாள் உதவிக்கு ஆள் வரவில்லையாம். ஐயா கவலையே படாமல் ஜீப்புக்கு அடியில் நிழலில் படுத்துக்கொண்டு, இந்த இடத்தில் ஒரு காலத்தில் நம் தலைக்கு மேல் இருநூறு அடி தண்ணீர் நின்றது என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். "எனக்குக் குடிக்க ஒரு டம்ளர் இல்லை, இவர் இருநூறு அடி தண்ணியப் பத்திப் பேசறார்" என்றான். சிரிப்பை அடக்க முடியாமல் சிலர் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

அப்புறம் பாடினாராம்.

"அப்பா பாடுவாரா?" என்றாள் மகள்.

"அதைப் பாட்டுன்னு சொன்னா பாட்டுக்கே கோவம் வரும். லாரி ரிவர்ஸ் எடுக்கற மாதிரி இருக்கும். ஆனா தினமும் உண்டு."

சமையலறையில் தேநீருக்குப் பால் வைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள். நாற்பத்தொரு வருடத்தில் அவர் பாடி அவள் கேட்டதில்லை. குளிக்கும்போதுகூட. பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. அணைத்துவிட்டு, துடைத்துவிட்டு, மறுபடி பற்றவைத்தாள். கூடத்தில் மகள் சிரிக்கும் சத்தம் கேட்டது. அப்பா செத்து நான்கு மணி நேரம்தான் ஆகிறது.

பெண் அதிகாரி, மயானத்தில் வாசிப்பதற்காக ஒரு தாள் எழுதிவந்திருந்தாள். அதை இவளிடம் காட்டினாள். அவர் வரைந்த வரைபடங்கள், கண்டறிந்த கனிமப் படுகைகள், கடைசியில் அவர் பெயர் சூட்டிய புதைபடிவம். அதன் அறிவியல் பெயராக ஓட்டுநரின் பெயர், லத்தீன் விகுதி ஒன்று வாலாக ஒட்டி, சாய்ந்த எழுத்தில்.

அந்தக் கதை அவளுக்குத் தெரியும். டயர் பஞ்சராகி, மணலில் ஜாக்கி இறங்காமலிருக்க அடியில் வைக்கத் தட்டையாக ஒரு கல் தேடியிருக்கிறான். கையில் எடுத்த கல்லின் மேல் ஐந்து இதழ் பூ வரைந்தாற்போல் இருந்திருக்கிறது. கடலடியில் ஊர்ந்து திரிந்த ஏதோ ஒரு சிறிய உயிரின் ஓடு. அதுவரை யாரும் பார்த்திராத இனம். கணவர் அந்த முறை வீட்டுக்கு வந்ததும், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அதைக் காட்டினார். "பேர் வைக்கிற உரிமை எனக்குத்தான்" என்றார். அவள் அன்றைக்குப் புதுப் புடவை கட்டியிருந்தாள். யார் பெயர் வைக்கப் போகிறீர்கள் என்று கேட்டாள். கேட்கும்போதே முகம் சூடானது. "அவன் பேர்தான். அவன்தானே எடுத்தான்" என்றார், இதில் கேட்க என்ன இருக்கிறது என்பதுபோல.

அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள். ஒரு பெண்ணாக இருந்தாலாவது சண்டை போடலாம், அம்மா வீட்டுக்குப் போகலாம். கிரீஸ் கறை படிந்த கையோடு வாசலில் நின்று, "அம்மா, ஐயாவுக்கு மாத்திரை கொடுத்து விட்டீங்களா?" என்று கேட்கிறவனிடம் எதைச் சொல்லிச் சண்டை போடுவது?

"நல்லா எழுதியிருக்கீங்க" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

கூட்டம் சற்றுக் குறைந்தபோது அவன் சமையலறை வாசலுக்கு வந்தான். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு நின்றான்.

"வாரத்துக்கு ரெண்டு தடவை இந்தப் பக்கம்தான் லோடு வர்றேன்மா. பைபாஸ்ல திரும்பிடுவேன். இவ்வளவு முடியாம இருக்கார்னு தெரியாது. போன் அடிச்சா எடுக்கறதில்லை, சரி, தூங்கறார்னு நினைச்சுக்கிட்டேன்." கொஞ்சம் தயங்கினான். "கடைசியில என்னைக் கேட்டாராம்மா?"

"கடைசி நாள்ல பேச்சே இல்லை" என்றாள்.

தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டான்.

அவர் கேட்டார். ஆக்சிஜன் சிலிண்டரோடு வீட்டுக்கு அழைத்து வந்து பதினைந்து நாள் ஆகியிருந்தது. நுரையீரலில் இத்தனை வருடத்துக் கல் தூசி படிந்திருக்கிறது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தப் பதினைந்து நாளும் அவள் கட்டிலைவிட்டு நகரவில்லை. கஞ்சி ஊட்டினாள், உடம்பு துடைத்தாள், முதுகைத் தட்டிக் கொடுத்தாள். அவர் அவளை மட்டுமே பார்த்துக்கொண்டு கிடந்தார். உள்ளூர அவளுக்கு ஒரு நிறைவு இருந்தது. அது என்னவென்று அவள் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை. அவருடைய போனின் ஓசையை அணைத்து இழுப்பறைக்குள் போட்டிருந்தாள்.

ஐந்து நாளைக்கு முன் ஒரு மதியம், "ஒட்டகத்துக்குச் சொன்னியா?" என்றார்.

"சொல்லிட்டேன். வந்துட்டிருக்கார்" என்றாள்.

யோசித்துச் சொன்னதல்ல. வாயிலிருந்து வந்துவிட்டது. சாயங்காலம் போன் செய்தால் பொய் உண்மையாகிவிடும் என்று நினைத்தாள். சாயங்காலம் இழுப்பறையைத் திறந்தாள். அவன் வந்தால் கட்டிலருகே நாற்காலியைப் போட்டுக்கொள்வான். இருவரும் அவளுக்குப் புரியாத ஊர்களையும் ஓடைகளையும் பேசுவார்கள். இவள் தேநீர் போடப் போவாள். இழுப்பறையைச் சாத்தினாள்.

மறுநாள் மறுபடி கேட்டார். அதற்கு மறுநாளும். கோபப்படவில்லை. சமாதானமும் அவரே சொல்லிக்கொண்டார். "பாதையை மணல் மூடியிருக்கும். டயர்ல காத்தைக் குறைச்சிட்டு மெதுவாத்தான் வருவான்." மூச்சு வாங்கிக்கொண்டு, "அவசரப்பட வேண்டாம்னு சொல்லு" என்றார். வாசலில் ஏதாவது வண்டிச் சத்தம் கேட்டால் தலையைத் திருப்புவார். நேற்று மாலைவரை திருப்பிக்கொண்டிருந்தார்.

நான்கு மணிக்கு அடக்கம் முடிந்தது. அதிகாரி தாளை வாசித்தாள். ஓட்டுநரின் பெயர் வந்த இடத்தில் சிலர் திரும்பி அவனைப் பார்த்தார்கள். அவன் குனிந்துகொண்டான். மயான அலுவலகத்தில் கையெழுத்துப் போட மகள் நிற்க வேண்டியிருந்தது. காரில் வயதானவர்கள் ஏறிக்கொண்டார்கள். அவளுக்கு இடம் விட்டு ஒதுங்கி உட்கார்ந்தார்கள்.

"நான் லாரில போறேன்" என்றாள்.

ஆறு மணிக்குள் ஆலையில் லோடு இறக்க வேண்டும், போகிற வழிதான் என்றான் அவன். படி உயரமாக இருந்தது. கையை நீட்டினான். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு தானாக ஏறினாள்.

உள்ளே எல்லாவற்றின் மேலும் ஜிப்சம் தூள் மெலிதாகப் படிந்திருந்தது. அவன் அழுக்குத் துணியால் இருக்கையைத் துடைத்துவிட்டான். அவள் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். இத்தனை உயரத்திலிருந்து அவள் சாலையைப் பார்த்ததில்லை.

"ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே" என்றான் அவன். "எனக்கு உங்க மேல ரொம்ப நாள் ஒரு கடுப்பு இருந்துச்சும்மா."

அவள் திரும்பினாள்.

"அப்போ செல்போன் ஏது? வெள்ளிக்கிழமை ஆனா போதும், நாற்பது கிலோமீட்டர் ஓட்டிக்கிட்டுப் போய் டெலிபோன் பூத்ல நிக்கணும். நாள் முழுக்க வெயில்ல அலைஞ்ச உடம்பு. நான் வண்டியிலேயே இருப்பேன். மூணு நிமிஷம் பேசுவார். திரும்பி வந்தா ஒரு வார்த்தை பேச மாட்டார், பாட மாட்டார். கூடாரத்துக்கு வந்ததும் படுத்துடுவார். சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும் அப்படித்தான். அந்த அம்மா என்னதான் சொல்றாங்களோ, மனுஷனை இப்படி முடக்கிப் போடறாங்கன்னு உங்களைத் திட்டியிருக்கேன்."

"நான் ஒண்ணும் சொன்னதில்லையே" என்றாள்.

அவரும் ஒன்றும் சொன்னதில்லை. எல்லாம் சரிதானே என்பார். குழாயில் தண்ணீர் வருகிறதா, குழந்தை தூங்கிவிட்டாளா என்பார். பிறகு கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும் கேட்கும். சரி வைக்கிறேன் என்பார். கடமைக்குப் பேசுகிறார் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். ஒருமுறை கோபத்தில் எதிர்முனையில் அவர் இருக்கும்போதே வைத்துவிட்டிருக்கிறாள்.

"சண்டையான்னு ஒருநாள் கேட்டுட்டேன். இல்லடா, குரலைக் கேட்டா அப்புறம் இங்க இருக்க முடியலைன்னார். எனக்குக் கோவம்தான் வந்துச்சு. அப்போ நான் எதுக்கு இருக்கேன்னு." அவன் லேசாகச் சிரித்து, கியரை மாற்றினான்.

சிக்னலில் வண்டி நின்றது. அவள் மடியில் கைகளைக் கோத்துக்கொண்டாள். விரல்களில் வெள்ளைத் தூள் ஒட்டியிருந்தது. பச்சை விழுந்தது, வண்டி நகர்ந்தது. கடைத்தெருவைத் தாண்டினார்கள். வீட்டுக்கு இன்னும் இரண்டு திருப்பம்தான்.

"அவர் உங்களைக் கேட்டார்" என்றாள்.

அவன் சாலையைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தான்.

"அஞ்சு நாளா கேட்டார். சொல்லிட்டேன், வந்துட்டிருக்கார்னு சொன்னேன். நான் உங்களைக் கூப்பிடவே இல்லை. போனை நான்தான் இழுப்பறையில போட்டிருந்தேன்." அவளும் சாலையைப் பார்த்தபடியே சொன்னாள். "பாதையில மணல் இருக்கும், காத்தைக் குறைச்சிட்டு வருவான், அவசரப்பட வேண்டாம்னு சொல்லச் சொன்னார்."

ஏன் என்று கேட்பான் என எதிர்பார்த்தாள். பதிலை ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்திருந்தாள். அவன் கேட்கவில்லை. கொஞ்ச தூரம் அதே வேகத்தில் ஓட்டினான். பிறகு இண்டிகேட்டரைப் போட்டு, வண்டியை ஓரம் கட்டி, இன்ஜினை அணைத்தான். கதவைத் திறந்து இறங்கிப் பின்பக்கம் போனான்.

அவள் பக்கக் கண்ணாடியில் பார்த்தாள். லோடின் மேல் போர்த்தியிருந்த தார்ப்பாயின் கயிறு இறுக்கமாகத்தான் இருந்தது. அவன் முடிச்சை அவிழ்த்தான். சக்கரத்தில் ஒரு காலை ஊன்றி, உடம்பு முழுவதும் பின்னால் சாய இழுத்துக் கட்டினான். நெற்றியைக் கயிற்றின் மேல் வைத்துக்கொண்டு சற்று நேரம் நின்றான். சாலையில் பேருந்து ஒன்று கடந்தபோது தார்ப்பாயின் ஓரம் படபடத்து, வெள்ளைத் தூள் கிளம்பி அவன் மேல் படிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. முடிச்சை மறுபடி அவிழ்த்து, முதலிலிருந்து கட்டத் தொடங்கினான்.