எதிர்க்கடையின் பேசும் பெட்டி

எதிர்க்கடைப் பெட்டி காலையிலேயே பேச ஆரம்பித்துவிட்டது. "எழுபது பெறப்பட்டது." ஊசி அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு சட்டைக் காலரை மடித்தாள். கால் மணி நேரம்கூட ஆகவில்லை, "நூறு பெறப்பட்டது." யாராவது போனில் பணம் செலுத்தினால் தெருவுக்கே கேட்கும்படி தொகையைச் சொல்லும் பெட்டி அது. போன மாதம்தான் எதிர்க்கடைத் தையல்காரி வாங்கி, வாசலைப் பார்க்க வைத்திருந்தாள். வேண்டுமென்றேதான் அப்படி வைத்தாள் என்பது ஊசி அக்காவின் தீர்ப்பு.

பதினெட்டு வருடமாக அந்தத் தெருவில் தைக்கிறவள் அக்கா. நேற்று முளைத்தவளுக்கு இவ்வளவு வரும்படியா என்று வயிறு எரிந்தது. இத்தனைக்கும் பள்ளிக்கூடத்தின் நாற்பது சீருடைக்கான ஆர்டர் இவளுக்குத்தான் வந்திருந்தது. துணி எடுக்க அவர்கள் கொடுத்த முன்பணம் முழுதும் இவள் கணக்கில் இருந்தது. ஆனால் பொறாமை வந்துவிட்டால் தன் கையில் இருப்பது எங்கே கண்ணில் படும்?

பத்து மணிக்கு ஒரு போன் வந்தது.

"மேடம், பணம் வந்தா பேசுற பெட்டி, புது மாடல். உங்க தெருவுக்கு ஒண்ணே ஒண்ணு இலவசம்."

"எதிர்க்கடைக்காரி வச்சிருக்காளே, அதைவிடச் சத்தமா இருக்குமா?"

அவ்வளவுதான். எங்கே தட்ட வேண்டும் என்று அந்த ஆளுக்குப் புரிந்துவிட்டது.

"ரெண்டு மடங்கு மேடம். உங்களுக்கு வேணாம்னா இதையும் அவங்களுக்கே குடுத்திடறோம்."

"ஐயோ, அவளுக்கா? எனக்கே குடுங்க!"

"அப்ப உங்க போன்ல ஒரு கோரிக்கை வரும். ரகசிய எண்ணைப் போட்டு சரின்னு அழுத்துங்க. பெட்டி இணைஞ்சிடும்."

கோரிக்கை வந்தது. எவ்வளவு பணம், யாருக்குப் போகிறது என்பதெல்லாம் கொட்டை எழுத்தில்தான் இருந்தது. அக்காவின் கண்தான் எதிர்க்கடையில் இருந்ததே! "ஐம்பது பெறப்பட்டது" என்றது பெட்டி. அக்கா படபடவென்று எண்ணைத் தட்டினாள்.

முன்பணம் மொத்தமும் போய்விட்டது. திரும்ப அழைத்தால் அந்த ஆள் எடுக்கவே இல்லை. நாளைக்குத் துணி எடுக்க வேண்டும், பள்ளிக்கூடத்தில் எந்த முகத்தை வைத்துக்கொண்டு நிற்பது? தலையில் அடித்துக்கொண்டு அலறினாள். ஓடி வந்தது வேறு யார், எதிர்க்கடைக்காரிதான். நடந்ததைத் திக்கித் திணறிச் சொன்னாள் அக்கா.

"அழுகை அப்புறம்க்கா. முதல்ல பேங்குக்குப் போன் பண்ணுங்க. கார்டுக்குப் பின்னால இருக்கே, அந்த நம்பருக்கு. நெட்ல தேடாதீங்க, அங்கயும் திருடன் நம்பர் போட்டு வச்சிருப்பான்."

அக்கா அந்த நம்பருக்கு அழைத்தாள். காத்திருக்கச் சொல்லிப் போனில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அக்காவால் அதற்குமேல் அடக்க முடியவில்லை.

"உனக்கு நாள் பூரா பணம் வந்துக்கிட்டே இருக்கேன்னு வயித்தெரிச்சல்டி எனக்கு."

எதிர்க்கடைக்காரி தலையைக் குனிந்துகொண்டாள். "அதுல பாதி பொய்க்கா. என் வீட்டுக்காரர் அவர் போன்லேருந்து அனுப்புவார், நான் திருப்பி அனுப்பிடுவேன். உங்க கடையில எப்பப் பார்த்தாலும் கூட்டம். ஸ்கூல் ஆர்டரும் உங்களுக்கே போச்சு. எனக்கு மட்டும் எரியாதா?"

அக்கா அவளைத் திரும்பிப் பார்த்தாள். அதற்குள் வங்கிப் பெண்ணின் குரல் வந்தது.

"கணக்கை முடக்கிட்டோம்மா. போன பணத்தை நிறுத்தப் பார்க்கிறோம், கிடைக்கும்னு உறுதியாச் சொல்ல முடியாது. புகார்ல எழுதணும். யார் சொல்லி ரகசிய எண்ணைப் போட்டீங்க?"

ஊசி அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சொன்னவன் திருடன்மா. போட வச்சது என் பொறாமை. அந்த எண் நம்ம பணம் வெளிய போகத்தான் வேணும், நமக்கு எதுவும் வர்றதுக்கு வேணாம். இது எனக்குத் தெரியாததா? பத்தடி நடந்து எதிர்க்கடையில ஒரு வார்த்தை கேட்டிருந்தா பணம் தப்பிச்சிருக்கும். இவகிட்டப் போய் கேக்கறதான்னுதான் போட்டேன். அதையும் எழுதிக்குங்க."