தபால்பெட்டிச் சாவி

வாசித்துப் பார்க்காமல் கையெழுத்து வைப்பதில் என் அப்பா சூசைதாசனை மிஞ்ச பீலெஃபெல்ட் நகரில் ஆளில்லை. எனக்கு ஒன்பது வயதானதிலிருந்து வீட்டுக்கு வரும் ஜெர்மன் கடிதங்களை நான்தான் தமிழாக்குகிறேன். ஜெர்மன் ஓரளவு விளங்கினாலும், வாசிக்கப் பொறுமையில்லாமல் நான் காட்டும் இடத்தில் அவர் ஒப்பமிடுவார். ஆனால் தபால்பெட்டிச் சாவிகள் இரண்டும் அவருடைய கொத்தில்தான் கிடக்கும். வீட்டுத் தலைவன் பார்க்காமல் ஒரு கடிதமும் படியேறக் கூடாதாம்.

2005 மார்ச்சில் தமிழ்க் கத்தோலிக்கச் செபக் குழுவின் சூசையப்பர் திருநாளில் அப்பா குடும்பத் தலைவனின் கடமை பற்றிப் பேசுவதாக ஏற்பாடு. அதற்கென்று பழைய பொருட் சந்தையில் ஒரு தடித்த ஜெர்மன் புத்தகம் வாங்கி வந்தார். முந்நூறு வருடத்துக்கு முன் எழுதியதன் மறுபதிப்பு. தெய்வபயத்தோடு மனைவியை, வேலைக்காரரை, மாட்டை எப்படி நடத்துவது என்று எல்லாம் அதில் இருந்தது. மனைவியும் மாடும் அடுத்தடுத்த அதிகாரங்களில் வந்ததைப் பார்த்ததுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பிறின்சி, நான் கடதாசி வைச்ச பக்கங்களை மட்டும் தமிழாக்கித் தா. மனிசி அடங்கி நடக்கிறதைப் பற்றி நல்லா எழுதியிருக்கிறாங்கள்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார்.

அடையாளம் வைத்த மூன்றாவது பக்கத்தில் செருகியிருந்தது ஒரு கடித உறை. ஏற்கெனவே பிரித்திருந்தது; அப்பா அதையும் அடையாளக் கடதாசியாக்கியிருந்தார். மேலே அம்மாவின் பெயர், ஞானமலர் சூசைதாசன்.

அம்மா ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்புப் பயிற்சிக்கு விண்ணப்பித்திருந்தார். இரண்டு மாதமாகப் பதிலில்லை. துப்புரவு வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் குனிந்து தபால்பெட்டியின் இடுக்கால் பார்ப்பார். "என்ரை டொச் காணாது போல" என்று தன் ஜெர்மனைக் குறைசொல்லித் தன்னையே நொந்துகொள்வார். உறைக்குள் இருந்தது சம்மதக் கடிதம். மார்ச் பதினான்குக்குள் உறுதி செய்யும்படி எழுதியிருந்தார்கள். அன்றைக்குத் திகதி பதினேழு.

நான் கடிதத்தை வாசித்துக் காட்டியதும், அம்மா வெங்காயம் வெட்டிய கையோடு தொலைபேசியை எடுத்தார். அந்த இடத்துக்கு வேறொருத்தியை எடுத்தாகிவிட்டதாம், அடுத்த வருடம் கேட்கலாமாம். அவர் அழவில்லை. நான்தான் ஆத்திரத்தில் அழுதேன். புத்தகத்தைக் குப்பையில் எறியப் போனேன்.

"பொறு பிள்ளை. பொம்பிளையைப் பற்றி அதிலை வேறை என்ன கிடக்கு?"

தேடினேன். அப்பா அடையாளம் வைக்காத ஒரு பக்கத்தில் அது இருந்தது. தமிழில் சொல்லிக் காட்டினேன். அம்மா இரண்டு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டார்.

"அதையும் நடுவிலை எழுதிவிடு" என்றார்.

சனிக்கிழமை பங்கு மண்டபத்தில் நாற்பது பேர். அப்பா கோட்டுப் போட்டு நின்று, நான் கொடுத்த தாள்களை வழக்கம்போல முன்கூட்டிப் பாராமல், கோயில் குரலில் வாசித்தார். மனைவி பணிந்து நடக்கட்டும் என்றபோது முன்வரிசையிலிருந்த தம்பித்துரை அண்ணை பலமாகத் தலையாட்டினார். அதே குரலில் அப்பா அடுத்த வரிக்குப் போனார்.

"வீட்டின் சாவிகள் யாவும் இல்லத்தலைவியின் கையில் இருக்கட்டும். அவற்றைப் பறித்து வைத்திருப்பவன் எத்தனை செபம் சொன்னாலும் தன் வீட்டுக்கே கள்ளன்."

கடைசிச் சொல்லோடு தாளிலிருந்து தலையை நிமிர்த்தினார். என்னைப் பார்த்தார். நானும் அவரையே பார்த்தேன். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக எனக்குப் பயம் வரவில்லை.

அம்மா பெண்கள் வரிசையிலிருந்து எழுந்து நேரே முன்னுக்குப் போனார். கடித உறையை அப்பாவின் தாள்களின் மேல் வைத்துவிட்டுக் கையை நீட்டினார்.

"தபால்பெட்டிச் சாவியைத் தாங்கோ."

"வீட்டை போய்க் கதைப்பம்."

"வீட்டை என்னை எப்ப கதைக்க விட்டனீங்கள்? இஞ்சையே தாங்கோ."

கொத்தின் வளையம் இறுக்கம். அந்தச் சின்னச் சாவியைக் கழற்ற அப்பாவின் விரல்கள் தடுமாறின. ஒருவரும் உதவிக்குப் போகவில்லை. தம்பித்துரை அண்ணை நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவாறு கழற்றி அம்மாவின் உள்ளங்கையில் வைத்தார்.

அம்மா கையை மடக்கவில்லை.

"மற்றதையும் தாங்கோ. அது பிள்ளைக்கு."