எந்தத் தெருவுக்கு என்ன நிறம்

"ஏட்டி, நம்ம தெருவுக்கு ஊதா போடணும்னு உனக்கு எவன் சொல்லிக் குடுத்தான்?"

சுடலைக்கண்ணு நாளிதழை இட்லித் தட்டின் மேலேயே விரித்துப் போட்டார். மருமகள் வேல்விழி வாயைத் திறப்பதற்குள் அதில் அவள் வரைந்திருந்த ஊர் வரைபடத்தில் அவர் விரல் வடக்குத் தெருவைக் குத்தியது.

"அது தண்ணிக்கான கலரு மாமா. நெறைய தண்ணி வார தெருவுக்கு ஊதா. அவ்வளவுதான்."

"ஊதா எவன் கலருன்னு உனக்குத் தெரியாதோ? இந்த ஊர்லதான வாக்கப்பட்டிருக்க?"

தெரியும். அதுதான் வயிற்றெரிச்சல். பள்ளிக்கூடப் பையன் மணிக்கட்டில் கட்டும் கயிற்றிலிருந்து மின்கம்பத்தில் அடிக்கும் பெயின்ட் வரை, தென்காசிக்குப் பக்கத்தில் பெயர் சொல்ல வேண்டாத அந்தப் பேரூராட்சியில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சொந்தக்காரன் உண்டு. எண்களைத் திரட்டி, படமாக வரைந்து, செய்தி சொல்வது நாளிதழில் வேல்விழியின் வேலை. கம்ப்யூட்டர் தானாகக் கொடுத்த நிறங்களை அவசரத்தில் அப்படியே விட்டுவிட்டாள். வெளியூர்க்காரி செய்திருந்தால் மன்னிக்கலாம். இந்தப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவள் செய்தது சுத்த முட்டாள்தனம்.

ஆனால் எண்களில் அவள் கோட்டை விடவில்லை. தெருவுக்கு ஒரு பெண்ணைப் பிடித்து, குழாயில் தண்ணீர் வரும்போதும் நிற்கும்போதும் வாட்ஸ்அப்பில் சேதி போடச் சொல்லியிருந்தாள். சாரல் சீசன் முழுக்கச் சேர்ந்த சேதிகள் அவை. வடக்குத் தெருவில் தினமும் தண்ணீர். ஓடைத் தெருவில் வாரத்துக்கு ஒருமுறை வந்தாலே அதிசயம். குற்றாலத்தில் வெள்ளம் கொட்டி, அருவியில் குளிக்கத் தடை போடும் நாளிலும் அங்கே குழாயில் காற்றுதான் வரும். பேரூராட்சியில் கேட்டால், "அது மேட்டுப் பகுதிம்மா, தண்ணி ஏறாது. வேற ஒண்ணும் இல்ல" என்பார்கள். ஓடைக்கரை எப்படி மேடானது என்று மட்டும் சொல்ல மாட்டார்கள்.

ஓடைத் தெருவிலிருந்து சேதி போட்டவள் சுகந்தி. குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் அறை துடைக்கிறாள். தண்ணீர் எந்நேரம் வருமென்று தெரியாததால், பத்தாம் வகுப்புப் படிக்கும் அவள் மகள் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் குழாயடியில் காவல் இருக்கிறாள். அந்தப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பத்தான் வேல்விழி இந்தப் படத்தையே வரைந்தாள்.

அலுவலகத்துக்குப் போனால் போன் மணி ஓயவில்லை.

"நாங்க ஆரஞ்சு. எங்களுக்கு எப்படி அவன் கலரைப் போடலாம்?" என்றது ஒரு குரல். "ரோஸ் எங்களது. அதை எதுக்கு மேலத்தெருவுக்குக் குடுத்தீங்க?" என்றது இன்னொன்று. தெருப் பெயரைச் சொன்னார்கள், தங்கள் நிறத்தைச் சொன்னார்கள், ஆகாதவன் நிறத்தையும் சொன்னார்கள். தண்ணீர்க் கணக்கு தப்பு என்று ஒரு ஆள் சொல்லவில்லை.

ஆசிரியர் மகாராஜா அவளைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"உண்மையச் சொல்லுங்க. உங்களுக்குப் பின்னால யாரு இருக்கா?"

"யாரும் இல்ல சார்."

"உங்க மாமனாரே போன் பண்ணிட்டாருல்லா. வீட்டு ஆளுக்கே சந்தேகம்னா நான் என்ன நெனைக்க? அடுத்த ஞாயித்துக்கெழம கலரை மாத்திப் போடுங்க."

அதற்குப் பிறகு யாரைப் பார்த்தாலும் அவளுக்கும் சந்தேகம்தான். பக்கத்து மேசைக்காரர் அவள் வரும்போது பேச்சை நிறுத்துகிறாரா? வீட்டில் மாமனார் அவள் லேப்டாப்பை ஏன் எட்டி எட்டிப் பார்க்கிறார்? கடைசியில், தன் கைதான் வேண்டுமென்றே அந்த நிறத்தைப் போட்டதோ என்று தன்னையே சந்தேகப்பட்டாள். அவமானமாக இருந்தது.

சுகந்திக்குப் போன் செய்தாள். "உங்க தெருவுக்கு என்ன கலர் போடட்டும் சுகந்தி?"

"கலரா? என்ன எழவையும் போடுங்கக்கா. எம்புள்ள நாளைக்காவது பள்ளிக்கூடம் போவாளா, அதச் சொல்லுங்க."

போனை வைத்த பிறகுதான் வேல்விழிக்கு உறைத்தது. எந்தத் தெருவில் எந்தச் சாதிக்காரர்கள் இருக்கிறார்கள் என்று அவள் முன்பு பேரூராட்சியில் கேட்டபோது, "இங்க அதெல்லாம் யாரும் பாக்கதில்லம்மா" என்று சிரித்தே மழுப்பினார்கள். எந்த அலுவலகமும் தராத அந்த விவரத்தை, கோபத்தில் தெருக்காரர்களே போன் போட்டுக் கொட்டியிருக்கிறார்கள்!

புதிய படத்தில் ஒவ்வொரு தெருவுக்கும் அது கேட்ட நிறத்தையே கொடுத்தாள். தண்ணீரின் அளவுக்கு ஏற்பப் பெரிதும் சிறிதுமாகத் துளிகள் வரைந்தாள். பெரிய துளிகள் எல்லாம் இரண்டே நிறங்களுக்குள் போய் விழுந்தன. எதுவும் கேட்காத ஓடைத் தெரு வெள்ளையாக நின்றது, அதன் துளி கடுகளவு.

மகாராஜா ஒவ்வொரு துளியாக விரல் வைத்துப் பார்த்தார்.

"அவங்க கேட்ட கலர்தான் சார். தண்ணிக் கணக்கத் தொடல."

அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "அனுப்புங்க. போன் வந்தா நான் பேசிக்கிடுதேன்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் சுடலைக்கண்ணு சந்தேகத்தோடுதான் நாளிதழைப் பிரித்தார். வடக்குத் தெரு ஆரஞ்சாக இருந்தது. முகம் மலர்ந்துவிட்டது. வாசலுக்குப் போய்ப் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். "மாத்த வச்சுட்டேன் பாத்தீரா!"

பக்கத்து வீட்டுக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தலைப்பை உரக்கப் படித்தார்: "எந்த நிறத்துக்கு எவ்வளவு தண்ணீர்?" அடியில் பொடி எழுத்தில் இருந்ததையும் விடவில்லை: "நிறங்கள் தெருவாசிகள் தாங்களே கேட்டுப் பெற்றவை."

சுடலைக்கண்ணு நாளிதழைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே வந்தார். அவர் கண் துளிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தது.

"மேடு, தண்ணி ஏறலேன்னுதான ஊரெல்லாம் சொல்லுது? இது சாதி பாத்து விடுத தண்ணின்னு உனக்கு யாருட்டி சொன்னா?"

"நீங்கதான் மாமா," என்றாள் வேல்விழி. "நீங்கள்லாம் போன் பண்ணலேன்னா என்னால நிரூபிச்சிருக்கவே முடியாது."