அரைச்சுற்று

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மோட்டார் சைக்கிள் வாங்கும்போது கூடவே ஒரு கையேடு கொடுப்பார்கள் இல்லையா, அப்படி ஒரு கையேட்டுக்குள் மடித்து வைத்திருந்த காகிதத்திலிருந்து வந்தது. பதினோரு வருடம் அந்தக் கையேட்டைத் திறந்தே பார்க்காத ஒருவர், ஒரு சனிக்கிழமை மாலை கோபத்தில் திறந்தார். காகிதம் விழுந்தது. அதில் என்ன எழுதியிருந்தது என்பதை ஐந்தாம் பகுதியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் மிச்சத்தை நீங்கள் படிக்க மாட்டீர்கள். நீங்கள் கடைசி வரை படித்தாக வேண்டும். கை அழுக்காக இருந்தால் பரவாயில்லை, அப்படியே புரட்டுங்கள்.

தொடக்கத்தை மூன்று முறை எழுதினேன்.

'பெட்ரோல் என்பது' (பள்ளிக்கூடப் பாடம் மாதிரி இருந்தது. விட்டுவிட்டேன்.)

'விடியற்காலைப் பனியைக் கிழித்துக்கொண்டு ஒரு மோட்டார் சைக்கிள் சீறிப் பாய்ந்து' (பச்சைப் பொய். அந்த வண்டி வாங்கிய நாளிலிருந்து ஒருமுறைகூடச் சீறியதில்லை.)

'அவர் அளவுக்காரர்.'

இது சரி. இதைப் பிடித்துக்கொண்டு போகிறேன்.

2

அவர் அளவுக்காரர். கடைகளில் இருக்கும் தராசுகளையும் படிக்கற்களையும் சோதித்து முத்திரை குத்தும் அலுவலகத்தில் இருபத்தெட்டு வருடமாக வேலை. ஒரு கிராம் குறைந்தாலும் கடைக்காரருக்கு வியர்த்துக் கொட்டும்படி பார்ப்பார். வீட்டிலும் அதே கதைதான். தேநீருக்குச் சர்க்கரை போடும்போது கரண்டியின் விளிம்போடு மட்டம் தட்டிப் போடுவார். சுவரில் படம் சாய்ந்திருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்ப்பார். அவரைக் கட்டிக்கொண்டவரின் பொறுமையைப் பற்றித் தனியாக ஒரு கதை எழுதலாம்.

(இந்த இடத்தைப் படித்த என் மனைவி, "எழுதுங்க. ஆனா நான் சொல்லச் சொல்ல எழுதணும்" என்றாள்.)

அவருடைய மோட்டார் சைக்கிளுக்கும் இதே கவனிப்பு. ஒவ்வொரு சனிக்கிழமை மாலையும் ஒரே பங்க், ஒரே குழாய். வண்டியை நிமிர்த்தி நிறுத்தி, சீட்டின் மேல் ரசமட்டத்தை வைத்து, குமிழி நடுவில் நின்ற பிறகுதான் டேங்கை விளிம்பு வரை நிரப்பச் சொல்வார். எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எத்தனை லிட்டர் பிடித்தது என்று நோட்டில் குறிப்பார். ஒரு வாரக் கணக்கு இப்படி: 264 கிலோமீட்டர், ஐந்தரை லிட்டர். லிட்டருக்கு 48.

வீட்டுக்கு வந்ததும் இன்னொரு சடங்கு, போன வருடம் சேர்ந்துகொண்டது. ஸ்பானரை எடுத்துப் பின்சக்கரத்துப் பிரேக் நட்டை அரைச்சுற்று இறுக்குவார். பாதுகாப்புக்காம். எல்லாவற்றையும் அளந்த மனிதர், எதற்காக அரைச்சுற்று என்று ஒருநாளும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

3

இங்கே ஒரு மகள் வர வேண்டும். வந்துவிட்டாள். அவளுக்கு ஒருவரைப் பிடித்திருந்தது. நாலு தெரு தள்ளி இருசக்கர வண்டிப் பட்டறை வைத்திருப்பவர்.

[முதல் பிரதியில் 'வைத்திருப்பவன்' என்று எழுதியிருந்தேன். அளவுக்காரர் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய மரியாதைக் குறைவையும் சேர்த்து நான் பிரதி எடுக்க வேண்டியதில்லை.]

பெண் கேட்டுப் பேசப் பட்டறைக்காரர் வந்த நாளில், மகள் முன்னால் ஓடிவந்து "அப்பா, வந்துட்டாரு" என்றாள். அளவுக்காரர் செய்தித்தாளை இறக்கவே இல்லை.

"வரட்டும். ஆனா ஒண்ணு கேட்டுக்கோ. வண்டி ரிப்பேர்னா என்ன? காதால கேக்குறது, கையால தட்டுறது, குத்துமதிப்பா எதையோ இறுக்குறது. அளவுன்னா என்னன்னே தெரியாத தொழில். அவன் குடும்பத்தையும் குத்துமதிப்பாத்தான் நடத்துவான்."

வாசலில் வந்தவர் ஒரு செருப்பைக் கழற்றியிருந்தார். இன்னொன்று காலிலேயே இருந்தது. எல்லாம் காதில் விழுந்தது. கழற்றியதைத் திரும்ப மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

திருமணம் நடந்தது. பெண்ணைப் பெற்றவர் பத்தோடு பதினொன்றாக வந்து உட்கார்ந்துவிட்டுப் போனார். அதன் பிறகு இரண்டு வருடம், மகள் ஞாயிறு தோறும் அப்பா வீட்டுக்கு வருவாள். கணவர் அவளைத் தெருமுனை வரை கொண்டுவந்து விடுவார், அங்கேயே நின்றுகொள்வார். அவர் உள்ளே வரவில்லை, இவர் கூப்பிடவில்லை. வந்த கொஞ்ச நேரத்தில் மகள், "அப்பா, வண்டிச் சாவி குடுங்க, கடைக்குப் போயிட்டு வரேன்" என்பாள். ஒரு மணி நேரம் கழித்து ஒரு தீப்பெட்டியோடு திரும்புவாள். இந்தச் சாவி கேட்பது ஆரம்பித்தது போன வருடம்.

4

போன வருடம்தான் அளவுக்காரர் பெட்ரோலையும் மாற்றினார். அலுவலகத்தில் யாரோ, "95 ஆக்டேன் போட்டுப் பாருங்க, வண்டி பறக்கும்" என்று கொளுத்திப் போட, அவர் பற்றிக்கொண்டார். அதுவரை போட்டது சாதாரண 91. ஒரு சனிக்கிழமை 95 போட்டார். அடுத்த சனிக்கிழமை நோட்டைப் பார்த்து அவருக்கே நம்பிக்கை வரவில்லை. 265 கிலோமீட்டர், நாலரை லிட்டர். லிட்டருக்கு 58.9! அதற்கடுத்த வாரம் 59. அதற்கடுத்த வாரமும் 59.

மனிதரைக் கையில் பிடிக்க முடியவில்லை. பார்க்கிறவர்களிடமெல்லாம் நோட்டை விரித்துக் காட்டினார். "நான் குத்துமதிப்பாச் சொல்ற ஆள் இல்ல. அளந்து சொல்றேன். எல்லாம் ஆக்டேன்."

இங்கே ஆக்டேன் பற்றி ஒரு பத்தி எழுதியாக வேண்டும். உங்களுக்கு இது தெரிந்த விஷயம் என்றால் தாண்டிப் போங்கள், தப்பு இருந்தால் ஓரத்தில் பென்சிலால் திருத்துங்கள். ஆக்டேன் எண் என்பது பெட்ரோலின் பலத்தைச் சொல்வது அல்ல. இயந்திரத்துக்குள் நசுக்கப்படும்போது, தீப்பொறி வருமுன்பே அவசரப்பட்டு வெடித்துவிடாமல் எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்வது. கடுமையாக நசுக்கும் இயந்திரத்துக்குக் கூடுதல் எண் வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே டக் டக்கென்று தட்டும். அளவாக நசுக்கும் சாதாரண வண்டிக்கு 91 தாராளம். அதற்கு 95 போட்டால் கெடுதல் ஒன்றும் இல்லை, மைலேஜும் கூடாது. விலைதான் கூடும்.

ஆக, அது பொறுமையின் எண். இரண்டு வருடம் தெருமுனையில் நிறுத்தப்பட்டும் ஒருமுறைகூட வெடிக்காத ஒருவரை எனக்கு

(இந்த வாக்கியத்தை இங்கேயே விடுகிறேன். ஒப்பிடுகிற தகுதி எனக்கு இன்னும் வரவில்லை.)

5

பிறகு மகளை அவள் வேலை பார்க்கும் அலுவலகத்தில் இரண்டு மாதப் பயிற்சிக்கு வெளியூர் அனுப்பினார்கள். அளவுக்காரரின் நோட்டில் எண்கள் இறங்கின. 58. 56. 53. எட்டாவது சனிக்கிழமை, 47. அடுத்த சனிக்கிழமை பங்குக்குப் போனதும், டேங்கை நிரப்பும் முன்பே பெட்ரோல் போடும் அம்மாவிடம் சண்டை பிடித்தார்.

"என்னம்மா கலக்குறீங்க இதுல? ஒரு வருஷமா 59 குடுத்த வண்டி!"

அந்த அம்மா குழாயை மாட்டிவிட்டு நிதானமாகச் சொன்னார். "சார், தப்பா நெனைக்காதீங்க. ரொம்ப நாளா சொல்லணும்னு இருந்தேன். இந்த வண்டிக்கு 91 போதும். வண்டி கூட வந்த புக்குல போட்டிருக்கும், பாருங்க."

"என்கிட்ட நோட்டு இருக்கும்மா. 95 போட்டப்புறம்தான் ஏறிச்சு."

"அப்ப 95தானே இப்பவும் போடுறீங்க. ஏன் எறங்கிடுச்சு?"

அவர் நோட்டை மூடினார். வண்டியை நகர்த்தக் குனிந்தபோது பின்சக்கரத்தின் நடுவில் விரல் பட்டது. சுரீரென்று சுட்டது. பெட்ரோல் போடாமலே, வண்டியைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வண்டி நகர மறுத்தது. வந்த கோபத்தில் வண்டியின் பக்கவாட்டு மூடியைத் திறந்து, கையேட்டை உருவினார். 'எரிபொருள்: 91 ஆக்டேன்' என்று அச்சிட்டிருந்தது. அந்தப் பக்கத்தில்தான் காகிதம் இருந்தது. இரண்டு பக்கமும் பொடி எழுத்து, ஒவ்வொரு ஞாயிற்றுக்கும் தேதி போட்டு.

'காற்று: முன் டயர் 16, பின் டயர் 19. இருக்க வேண்டியது 25, 28. ஏற்றினேன். முன் வால்வில் மெல்லிய கசிவு. ஏர் ஃபில்டர் முழுக்கத் தூசி, சுத்தம் செய்தேன். பின் பிரேக் இறுகிச் சக்கரம் உரசுகிறது. நட்டு இரண்டரைச் சுற்று தளர்த்தினேன்.'

'முன் டயர் 24. ஒன்று ஏற்றினேன். பிரேக் நட்டு அரைச்சுற்று இறுகியிருக்கிறது. தளர்த்தினேன்.'

'மறுபடி அரைச்சுற்று. யாரோ இறுக்குகிறார்கள்.'

'மறுபடி அரைச்சுற்று. ஒரு மயிரிழை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மாமாதான்.'

இப்படியே ஒரு வருடம். முதல் தேதி, 95 போட்டதற்கு மறுநாள். 59 வந்தது ஆக்டேனால் அல்ல. கடைசி வரி, மகள் பயிற்சிக்குக் கிளம்பிய வாரம்: '95 போடுகிறார். 91 போதும். யார் சொல்வது?'

அளவுக்காரர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஒரு வருடமாக இரண்டு பேர் ஒரே நட்டைத் திருகிக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஒருவர் சனிக்கிழமை இறுக்க, இன்னொருவர் ஞாயிற்றுக்கிழமை தளர்த்த. அளவு தெரியாதவர் என்று யாரைச் சொன்னாரோ அவர் ஒவ்வொரு வாரமும் அளந்து, எழுதி, தேதி போட்டிருக்கிறார். தளர்த்த ஆள் இல்லாத எட்டு வாரம், எட்டு அரைச்சுற்று. இன்னும் இரண்டு சனிக்கிழமை போயிருந்தால், ஓடிக்கொண்டிருக்கும்போதே சக்கரம் இறுகி நின்றிருக்கும். பின்னால் வருவது லாரியாகவும் இருந்திருக்கலாம்.

அந்தக் காகிதத்தில் அவரைக் கூசவைத்தது அந்த எண்கள் இல்லை. 'மாமா' என்ற சொல். அப்படிக் கூப்பிட அவருக்கு நான் ஒரு வாய்ப்புக்கூடக்

[கை தவறி எழுதியது அல்ல. 'அளவுக்காரர்' என்று எழுதி அடித்தேன், 'நான்' என்று மாற்றினேன், பிறகு எதை அடிப்பது என்று தெரியாமல் விட்டுவிட்டேன். அப்படியே கிடக்கட்டும். அளவுக்காரர் நான்தான்.]

6

காகிதத்தைக் கொண்டுபோய் மனைவியிடம் நீட்டினேன். அவள் வாங்கக்கூட இல்லை.

"தெரியும்."

"எது தெரியும்?"

"எல்லாம். என்னங்க, வாரா வாரம் அவளுக்கு ஒரு மணி நேரம் கடையில என்ன வேலை? ஒரு தீப்பெட்டி வாங்க வண்டி எதுக்கு?" என்று அலமாரியைத் திறந்து காட்டினாள். தீப்பெட்டிகள் அடுக்கடுக்காக இருந்தன. "நாப்பத்தாறு இருக்கு. கரண்டிச் சர்க்கரையை மட்டம் தட்டுறீங்களே, ஒருநாளாவது இதை எண்ணினீங்களா?"

"ஏன் யாரும் சொல்லல?"

"அவ வண்டியை ஒருநாள் ஒதுக்கி வைக்கத் தள்ளியிருக்கா. என்ன இவ்வளவு கனமா இருக்குன்னு அவர்கிட்ட சொல்லியிருக்கா. எடுத்துட்டு வா, பாக்குறேன்னாராம். உங்ககிட்ட சொன்னா வண்டியைத் தர மாட்டீங்கன்னு சொல்லாம செஞ்சாங்க. தந்திருப்பீங்களா?"

தந்திருக்க மாட்டேன்.

7

முடிவுகள். எழுதிப் பார்த்தவை.

அ) அளவுக்காரர் பட்டறைக்குப் போகிறார். வாடிக்கையாளர்கள் எதிரில் மருமகனின் கையைப் பிடித்துக்கொள்கிறார். (திங்கட்கிழமை நிஜமாகவே போனேன். எதிர்ச்சாரியில் நின்றேன். அவர் ஒரு வண்டியின் டயரில் அழுத்தமானியை வைத்து, கண்ணைச் சுருக்கி எண்ணைப் படித்துக்கொண்டிருந்தார். சரியாக என் அலுவலகத்தில் நான் தராசைப் படிப்பது மாதிரி. தெருவைக் கடக்கவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.)

ஆ) போனில் 'நன்றி' என்று ஒரு செய்தி. (ஒரு வருடத்து ஞாயிற்றுக்கிழமைகளுக்கு மூன்று எழுத்தா? அளவு சரியில்லை. அழித்துவிட்டேன்.)

இ) ஒன்றும் பேசாமல், இனிமேல் நட்டை இறுக்காமல் இருந்துவிடுவது. ஞாயிற்றுக்கிழமை அவர் பார்ப்பார், புரிந்துகொள்வார். (என் மனைவி இதைப் படித்துவிட்டு, "வாய் எதுக்கு இருக்கு?" என்றாள்.)

வாய் அடைத்துக்கொள்கிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். ஐந்து நாளாகப் பேருந்தில் அலுவலகம் போய்வந்து, மாலையில் இதை எழுதுகிறேன்.

8

இன்று சனிக்கிழமை. மகள் நேற்றே ஊர் திரும்பிவிட்டாள், நாளை வருவாள். சாவி கேட்பாள், கொடுப்பேன். இந்தக் காகிதங்களை மடித்து, கையேட்டில் எரிபொருள் பக்கத்தில், உங்கள் காகிதத்தோடு சேர்த்து வைக்கிறேன்.

ஆமாம், உங்கள் காகிதம். முதல் பகுதியிலிருந்து 'நீங்கள்' என்று நான் யாரிடம் பேசிக்கொண்டிருக்கிறேன் என்பது இதற்குள் தெரிந்திருக்கும். இந்தக் கதைக்கு ஒரே ஒரு வாசகர்தான். வேறு யார் கையிலாவது இது கிடைத்திருந்தால், படித்தது போதும், தயவுசெய்து அதே பக்கத்தில் வைத்துவிடுங்கள்.

மாப்பிள்ளை, நன்றி. நான் அளவு சொல்லி அவமானப்படுத்தினேன், நீங்கள் அளந்தே என் உயிரைக் காத்திருக்கிறீர்கள். அன்று நான் பேசியது தப்பு. குத்துமதிப்பாகச் சொல்லவில்லை, நன்றாக எடைபோட்டுத்தான் சொல்கிறேன்.

முடிவை நீங்கள் எழுத வேண்டும். படித்துவிட்டு, வழக்கம்போல வண்டியை அவளிடம் கொடுத்தனுப்பிவிட்டுத் தெருமுனையிலேயே நிற்கலாம். அதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு, நான் வருத்தப்பட மாட்டேன். (படுவேன். ஆனால் சொல்ல மாட்டேன்.) இல்லையென்றால், வண்டியை நீங்களே ஓட்டிக்கொண்டு வாசல் வரை வரலாம். நான் செய்தித்தாளோடு உள்ளே உட்கார்ந்திருக்க மாட்டேன். வாசலில் நிற்பேன். அன்று நீங்கள் ஒரு செருப்பைத்தான் கழற்றினீர்கள். இரண்டையும் விட இடம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

இன்னும் ஒன்று. வண்டியை இன்று பங்க் வரை தள்ளிக்கொண்டே போய், தள்ளிக்கொண்டே வந்தேன். கனமாகத்தான் இருக்கிறது, மகள் சொன்னது சரி. டேங்க் நிறைய 91 போட்டிருக்கிறேன். பிரேக் நட்டை நான் தொடவில்லை.