எந்த ஓரல்?

லீவு லெட்டரில் அவள் எழுதியது ஒரே ஒரு வரிதான். உடம்பு பலவீனமாக இருக்கிறது, இரண்டு நாள் விடுப்பு வேண்டும் என்பதை இங்கிலீஷில் எழுதப் போய், பலவீனத்துக்கான 'வீக்'குக்குப் பதிலாக வாரத்துக்கான 'வீக்'கைப் போட்டுவிட்டாள். 'நான் ரொம்ப வாரமாக இருக்கிறேன்' என்று ஆகிவிட்டது.

மேனேஜர் அதைப் படித்துவிட்டு, "எந்த வாரம்மா? இந்த வாரமா, அடுத்த வாரமா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். மெஷின்காரர் முதல் பெருக்குகிறவள் வரை வயிறு குலுங்கச் சிரித்தார்கள். அன்றிலிருந்து அந்த அச்சகத்தில் அவள் பெயரே 'வாரம்' என்று ஆகிப்போனது.

மருந்து பாட்டில் லேபிளும், மருந்துப் பெட்டிக்குள் வைக்கும் விவரச் சீட்டும் அச்சடிக்கிற இடம் அது. சீட்டுகளை எட்டாக மடிப்பது அவள் வேலை. சிரிப்புக்கு அவள் அழவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு பழைய அகராதியை வாங்கி, போனதும் பஸ் ஓட்டுநரான கணவன் மடியில் போட்டாள்.

"ஒரே மாதிரி சத்தம் வர்ற வார்த்தையா பாத்து ஒண்ணொண்ணாச் சொல்லுங்க. நான் எழுத்தைச் சொல்றேன்."

"வெயிட்டு."

"எந்த வெயிட்டு? தராசுல வைக்கிறதா, பஸ்ஸுக்கு நிக்கிறதா?"

"என் பஸ்ஸுக்கு யாரும் நிக்க வேணாம். டயத்துக்கு டான்னு வந்துருவேன்."

"அப்ப தராசுதான். நடுவுல ஜி, எச் ரெண்டும் சத்தம் போடாம கனமா உக்காந்திருக்கும்."

இப்படியே ஒன்றரை வருஷம் ஓடியது. காய் நறுக்கும்போதும் துணி மடிக்கும்போதும் அகராதிதான். புத்தகத்தில் இல்லாத குறுக்குவழிகளை அவளே கண்டுபிடித்தாள். காதால் கேட்கிற 'ஹியர்'க்குள் 'இயர்' என்று ஒரு காதே இருக்கிறது. இங்கே என்கிற 'ஹியர்'க்குக் காது கிடையாது. தின்கிற 'மீட்'டுக்குள் 'ஈட்' இருக்கிறது. பள்ளிக்கூடத்துப் பிரின்சிபலுக்குக் கடைசி மூன்று எழுத்தைச் சேர்த்தால் 'பல்' வரும், அதனால் அவர் கடிப்பார். கொள்கை என்கிற 'பிரின்சிப்பிள்' பல் இல்லாத சாது. கணவன் சிரித்துச் சிரித்து, தானும் பாதி கற்றுக்கொண்டுவிட்டான்.

அந்தச் சமயத்தில்தான் ப்ரூஃப் பார்க்கிற பெண் பிரசவ லீவில் போனாள். மேனேஜருக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை.

"வாரம், நீ போய் ரேடியோ பக்கத்துல உக்காரு. அவர் படிப்பார். நீ பாத்துக்கிட்டே வந்து ஆமா ஆமான்னு சொன்னாப் போதும்."

ரேடியோ என்பவர் அங்கே முப்பது வருஷமாக ப்ரூஃப் வாசிப்பவர். செய்தி வாசிப்பது போன்ற கணீர்க் குரல். அசல் தாளை அவர் உரக்கப் படிப்பார். பக்கத்தில் இருப்பவர் அச்சடித்த மாதிரியில் விரல் வைத்துச் சரிபார்க்க வேண்டும். அந்த முறையில் ஒரு தவறும் தப்பியதில்லை என்பது அவருடைய பெருமை.

மூன்றாம் நாள் ஒரு சொட்டு மருந்தின் லேபிள் வந்தது. நாலு மணிக்கு வேன் வந்து நிற்கும் என்று மேனேஜர் கதவோரத்திலேயே நின்று அவசரப்படுத்தினார். ரேடியோ மடமடவென்று படித்தார். கடைசி வரிக்கு வந்தார்.

"ஃபார் ஓரல் யூஸ் ஒன்லி."

அவள் விரல் அந்த வரியிலேயே நின்றது. "எந்த ஓரல் சார்?"

"எந்த ஓரலா? ஓரல்னா ஓரல்தான்."

"வாயில விடற ஓரலா, காதுல விடற ஓரலா? ரெண்டுக்கும் சத்தம் ஒண்ணு, எழுத்துதான் வேற. வாய்க்குன்னா முதல்ல ஓ வரும், திறந்த வாய் மாதிரியே வட்டமா. காதுக்குன்னா ஏ, யு வரும். ஆடியோவுக்கு வர்ற மாதிரி."

ரேடியோ அசல் தாளைத் திருப்பிக் காட்டினார். "பாரு, இதுலயும் ஓதான், அதுலயும் ஓதான். ஒத்துப் பாக்கறதோட நம்ம வேலை முடிஞ்சுது." கையெழுத்தைப் போட்டுத் தாளை மெஷினுக்கு அனுப்பிவிட்டார்.

அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. இந்த மருந்தின் பெயர் அவள் கைக்குப் பழக்கம். போன மாதம் இதே மருந்தின் சீட்டை ஆயிரக்கணக்கில் மடித்திருக்கிறாள். ஒவ்வொரு மடிப்பிலும் ஒரு படம் மேலே வரும்: ஒருக்களித்துப் படுத்த தலை, காதுக்கு மேலே ஒரு சொட்டு. இந்த லேபிளைப் பார்த்து எவராவது குழந்தையின் வாயில் விட்டால்?

உள்ளே மெஷின் உறும ஆரம்பித்தது. அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினாள். மெஷின்காரர் "ஏய், ஏய்!" என்று கத்துவதற்குள் சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டாள். மெஷின் முனகிக்கொண்டே நின்றது.

"உனக்கென்ன பைத்தியமா?" மேனேஜர் முகம் சிவக்க ஓடி வந்தார். "அந்தக் கடைசி வரியை அவங்க ஆபீஸ்ல இருந்து போன்ல சொன்னாங்க, நானே என் கையால எழுதிக்கிட்டேன்!"

"போன்லயா சார்? அப்ப கண்டிப்பாக் கேட்டுருங்க. நான் சொல்றது தப்புன்னா நாளைக்கு நான் வேலைக்கே வரல."

வேண்டாவெறுப்பாக அவர் மருந்துக் கம்பெனிக்குப் போன் போட்டார். எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரையும் போட்டார்.

"சார், அந்தக் கடைசி வரி ஓரல் யூஸ்தானே?"

"ஆமா, ஓரல்தான். சரியாத்தான் இருக்கு."

"கேட்டுக்கிட்டியா?" என்று மேனேஜர் அவள் பக்கம் திரும்பினார். ரேடியோ பெருமூச்சு விட்டார். மெஷின்காரர் பொத்தானை நோக்கிக் கையை நீட்டினார்.

அவள் அசையவில்லை. "சத்தத்தைக் கேட்டா சத்தம்தான் சார் திரும்பி வரும். முதல் எழுத்து என்னன்னு கேளுங்க."

மேனேஜர் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம்.

"ஏ, சார். ஏ, யு, ஆர்... காதுக்கு விடற மருந்து சார் அது. ஏன், நீங்க என்ன போட்டிருக்கீங்க?"

பெருக்குகிறவள்தான் முதலில் கை தட்டினாள். பிறகு மடிப்புப் பிரிவுப் பெண்கள் தட்டினார்கள், பிறகு கூடமே அதிர்ந்தது. போனில் இப்போது வேறு குரல், அந்தக் கம்பெனியின் தலைமை மருந்தாளுநர் அம்மா. விஷயத்தைக் கேட்டுவிட்டு, "மெஷினை நிறுத்தினது யாரு? அவங்ககிட்ட குடுங்க" என்றார். அவளிடம் இரண்டு முறை நன்றி சொன்னார். இனிமேல் தங்கள் லேபிள் எதுவானாலும் அவள் கையெழுத்து இல்லாமல் வாங்க மாட்டோம் என்று மேனேஜர் காதில் விழும்படியே சொன்னார்.

மேனேஜர் அவள் எதிரில் வந்து நின்றார். "காதுல விழுந்ததை அப்படியே எழுதிட்டேம்மா. என் தப்புதான்." அவ்வளவுதான் சொன்னார். அவரிடமிருந்து அதுவே பெரிய விஷயம்.

ரேடியோ தன் நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டார். குரலில் பழைய கணீர் இல்லை, ஆனால் கோபமும் இல்லை. "இனிமே இந்த மாதிரி வார்த்தை வந்தா எழுத்து எழுத்தாச் சொல்றேன். எதெது இந்த மாதிரின்னு நீதான் எனக்குச் சொல்லணும்."

"நிறைய இருக்கு சார். தினம் பத்து பாத்துருவோம்."

எழுத்தைத் திருத்திய புது அச்சுத் தகடு மெஷினில் ஏறியது. வேன்காரரை ஒரு டீ குடித்துவிட்டு வரச் சொன்னார்கள். மை காயாத முதல் தாளை மெஷின்காரர் வழக்கம்போல மேனேஜரிடம் நீட்டப் போனவர், பாதியில் திரும்பி அவளிடம் நீட்டினார். அவள் வெளிச்சத்தில் பிடித்து, கடைசி வரியை ஒவ்வொரு எழுத்தாக விரலால் தொட்டாள். ஏ. யு. ஆர். ஏ. எல். ஓரத்தில் கையெழுத்தைப் போட்டாள்.

"ஓட்டுங்கண்ணே!" என்றாள்.