ஆன்டெனா

கொழுந்தன் ரேசரைத் துடைத்துவிட்டு வலது கன்னத்தில் தொடங்கினான். சலூன் வைத்திருப்பவன். அண்ணன் முகத்தில் வேறு யாரும் கத்தி வைக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரி வாசலிலேயே சொல்லிவிட்டான்.

"தலைய நேரா பிடிங்க அண்ணி. உயிரோட இருந்தப்பவும் இப்படித்தான், ஆடாம உட்கார மாட்டாரு."

அவள் கணவனின் தலையை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

இடது கழுத்தில் வேலை இல்லை. தொண்டைக் கட்டிக்குக் கதிர்வீச்சு கொடுத்த நாளிலிருந்து அங்கே முடி முளைப்பதில்லை, ஒன்றே ஒன்றைத் தவிர. அவர் பள்ளி வேன் ஓட்டியவர்; அந்த முடிக்கு ஆன்டெனா என்று பெயர் வைத்திருந்தார். "அங்கிள், ஸ்டேஷன் மாத்துங்க" என்று பிள்ளைகள் கத்தினால் அதைத் திருகிவிட்டு வேறு பாட்டு பாடுவார். எல்லாப் பாட்டும் ஒரே மெட்டில்தான் வரும்.

அவளுக்கு அந்த முடியைக் கண்டாலே ஆகாது. "வெட்டித் தொலைங்களேன்."

"சிக்னல் போயிடும்டி."

கொழுந்தன் தாடைக்கு வந்திருந்தான்.

"டாக்டர் சொன்னதக் கேட்டியா தம்பி?"

"கேட்டேன்."

அன்று கட்டியைக் கரைத்த அதே கதிர், கழுத்து ரத்தக்குழாயையும் தடிக்க வைத்து, இத்தனை வருடமாக மெல்ல மெல்ல அடைத்திருக்கிறது. உயிரை எடுத்த பக்கவாதம் அதனால்தான் என்றார் டாக்டர்.

"கதிர் வேண்டாம்னுதான் உன் அண்ணன் சொன்னாரு. நான்தான் சட்டையப் பிடிச்சு இழுத்துட்டுப் போனேன்."

ரேசர் நின்றது.

"போகலன்னா இந்த ஷேவ அந்த வருஷமே பண்ணியிருப்பேன் அண்ணி. அதுவும் முழுக் கழுத்துக்கும். எனக்குப் பாதி வேலைய மிச்சம் பண்ணிக் கொடுத்திருக்கீங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்தக் கையை எடுத்தாள். தலை சாய்ந்தது. பதறிப் பிடித்தாள். இன்னும் சிரிப்பு வந்தது.

கூடத்திலிருந்து நாத்தனார் எட்டிப் பார்த்தாள். "என்ன சத்தம்?"

"ஒண்ணுமில்லக்கா. அண்ணன் ஆடுறாரு."

நாத்தனார் இருவரையும் முறைத்துவிட்டுப் போனாள்.

முகம் முடிந்தது. கொழுந்தன் இடது பக்கம் குனிந்தான்.

"இத எடுத்துடவா அண்ணி? எத்தனை வருஷமா கேட்டுட்டிருந்தீங்க. இன்னிக்குத் தடுக்க ஆளில்ல."

அவள் அவன் கையை விலக்கினாள். சோப்பு ஈரம் காயாத இரண்டு விரல்களால் அந்த முடியைப் பிடித்து ஒரு பக்கம் திருகினாள். பிறகு மறுபக்கம்.

கொழுந்தன் ரேசரை மடித்தான்.